கிராஃப்ட் ஐபிஏ: கூடுதல் காசு எதற்குப் போகிறது, எப்போது அது தகும்?

பெங்களூருவில் வேலை பார்க்கும் சேலத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், சிறு ஆலைகள் காய்ச்சும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பீர் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. ஒரு கிளாஸ் 300 ரூபாய்க்கு மேல். அரை லிட்டர்கூட முழுதாக இருக்காது. குடித்தால் கசப்பு. அந்தக் காசுக்கு இங்கே டாஸ்மாக்கில் 650 மில்லி பாட்டிலே வாங்கிவிடலாமே என்று ஒரு தரப்பு கேட்கிறது. கடையில் வழக்கமாகக் கிடைக்கும் லாகர் பீரைத் தவிர வேறெதையும் ருசித்துப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது என்று மறுதரப்பு சொல்கிறது. கூடுதல் காசு எந்தப் பொருளுக்கு, யார் கைக்குப் போகிறது என்று இரண்டு தரப்பும் பார்ப்பதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐபிஏவில் நாம் கூடுதலாகக் கொடுப்பது வாசனைக்கு. அந்த வாசனையின் ஆயுள் சில வாரங்கள்தான், வெயிலில் சில நாட்கள். காய்ச்சிய இடத்திலேயே புதிதாகக் கிடைத்தால் அந்த விலை பெரும்பாலும் தகும். பல மாதம் ஆகி, குளிரூட்டாத கிடங்கில் இருந்து, சேலத்து அலமாரிக்கு வந்த கேனுக்குத் தகாது. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஐபிஏ என்பது என்ன

பீருக்கு வேண்டியவை நான்கு: தண்ணீர், மால்ட், ஈஸ்ட், ஹாப்ஸ். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் நுரைக்குக் காரணமான வாயுவையும் தரும். ஹாப்ஸ் ஒரு கொடியின் பெண் பூ. பச்சை நிறத்தில், செதில் செதிலாக அடுக்கிய சின்னக் கூம்பு போல இருக்கும். பிரித்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும், விரலில் பிசுபிசுக்கும். ஐபிஏவின் கதை முழுக்க அந்தத் தூளில்தான் இருக்கிறது. அதில் முக்கியமானவை இரண்டு.

1. ஆல்ஃபா அமிலங்கள். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் இவை உருமாறிக் கசப்பைத் தரும். ஓரளவு நாள்பட நிற்கும்.

2. வாசனை எண்ணெய்கள். எலுமிச்சை, மாம்பழம், பைன் மரம், பச்சைப்புல் என்று வகைக்கேற்ப மணம் மாறும். கொதித்தால் ஆவியோடு போய்விடும். அதனால் இவற்றுக்காகச் சேர்க்கும் ஹாப்ஸைக் கொதி முடியும் நேரத்திலோ, பீர் நொதித்த பிறகு குளிர்ந்த தொட்டியிலோ போடுவார்கள். நொதித்த பிறகு போடுவதற்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். இன்றைய ஐபிஏவுக்கு உயிர் கொடுப்பது இந்த வேலைதான்.

பீரில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. லாகர் 8 முதல் 13 டிகிரி வரையிலான குளிரில் மெதுவாக நொதிக்கும், பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடந்து தெளியும். ஏல் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில நாட்களிலேயே நொதித்துவிடும். நம்மூர்க் கடைகளில் விற்பதில் பெரும்பகுதி லாகர். ஐபிஏ ஏல் குடும்பம். ஆக, நாள் அதிகம் பிடிப்பதால்தான் விலை அதிகம் என்று சிலர் சொல்வது சரியில்லை. தொட்டியை அதிக நாள் அடைத்துக்கொள்வது லாகர்தான்.

கசப்பை ஐபியு என்ற அலகில் அளப்பார்கள். வழக்கமான லாகர் 10 முதல் 20 வரை இருக்கும். ஐபிஏ 40 முதல் 70 வரை போகும். ஹாப்ஸ் அளவில் வித்தியாசம் இதைவிடப் பெரிது. சாதாரண லாகரில் லிட்டருக்கு ஒரு கிராமைச் சுற்றித்தான் ஹாப்ஸ் சேரும். ஐபிஏவில் 5 முதல் 10 கிராம். கலங்கலாக, பழச்சாறு போலத் தோன்றும் ஹேஸி வகையில் 15, 20 கிராம் வரைகூடப் போடுகிறார்கள்.

கப்பலில் வந்த பீரும் இன்றைய பீரும்

ஐபிஏ பற்றி அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது கெட்டுப்போகாமல் இருக்க ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டுக் கண்டுபிடித்த பீர் இது என்பது அந்தக் கதை. பாதி உண்மை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் குடும்பம் நடத்திய ஆலை, கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் பீர் கொடுத்து இந்தியச் சந்தையைப் பிடித்து வைத்திருந்தது. 1820களில் பர்ட்டன் நகரத்தின் ஆல்சாப் ஆலை போட்டியில் இறங்கியது. பீப்பாய்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கு முதல் ஆறு மாதம் கடலில் ஆடிக்கொண்டு வந்தன. ஹாப்ஸின் அமிலங்கள் பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பல்களில் வந்து நன்றாகவே விற்றது. எனவே பயணத்துக்காகவே ஒரு புது பீர் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு வகை, இந்தியச் சந்தைக்கு ஏற்றபடி வளர்ந்தது.

விலை பற்றிய விவாதத்தில் இந்தப் பழங்கதைக்கு ஏன் இடம் என்றால், இதிலிருந்துதான் ஐபிஏ நாள்பட்டாலும் கெடாது என்ற நம்பிக்கை வருகிறது. அது தவறான நம்பிக்கை. அன்றைய பீர் பீப்பாயில் மாதக்கணக்கில் முதிர்வதற்காகவே தயாரானது. அதைக் குடித்தவர்கள் எதிர்பார்த்தது முதிர்ந்த சுவையை, புதுப் பூவின் மணத்தை அல்ல.

இன்று நாம் ஐபிஏ என்று வாங்குவது வேறு பரம்பரை. 1972-இல் அமெரிக்காவில் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் வெளியானது. அதில் எலுமிச்சை வகைப் பழங்களின் தோல் மணம் அடிக்கும். 1975-இல் ஆங்கர் ஆலையின் லிபர்ட்டி ஏல், 1980-இல் சியரா நெவாடாவின் பேல் ஏல் என்று அந்த மணத்தையே முன்னால் நிறுத்திய பீர்கள் வந்தன. பிறகு சிட்ரா, மொசைக் என்று இன்னும் தூக்கலான ரகங்கள் வந்தன. கசப்பு ஒரு பங்கு, மணம் மூன்று பங்கு என்று ஆகிவிட்டது. கப்பலில் ஆறு மாதம் தாங்கிய பீரின் பெயர், சில வாரங்களிலேயே மணம் இழக்கத் தொடங்கும் பீருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கடைக்காரரும் வாங்குபவரும் சேர்ந்து ஏமாறும் இடம் இது.

கேனுக்குள் இருக்கும் பொருள் எவ்வளவு பெறும்

இப்போது காசுக்கு வருவோம். கீழே இருப்பது எந்த ஆலையின் கணக்கும் அல்ல. அளவு புரிவதற்காக நான் போட்ட மாதிரிக் கணக்கு. 330 மில்லி கேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1. லாகர். பார்லியும் அரிசியும் கலந்து 55 கிராம் தானியம், கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 3 ரூபாய்க்குள். ஹாப்ஸ் அரை கிராமுக்கும் குறைவு, ஒரு ரூபாய். மொத்தம் 4 ரூபாய்.

2. ஐபிஏ. நல்ல மால்ட் 80 கிராம், கிலோ 100 ரூபாய் என்றால் 8 ரூபாய். ஹாப்ஸ் லிட்டருக்கு 10 கிராம் வீதம் 3.3 கிராம், இறக்குமதிச் செலவெல்லாம் சேர்த்துக் கிலோ 3,000 ரூபாய் என்றால் 10 ரூபாய். டிரை ஹாப்பிங் செய்யும்போது பூவே பீரை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியில் பத்தில் ஒரு பங்கு இப்படி வீணாகும் என்றால் இன்னும் 2 ரூபாய். மொத்தம் 20 ரூபாய்.

ஐந்து மடங்கு வித்தியாசம். ஆனால் ரூபாயில் 16தான். ஹாப்ஸ் கிலோ 5,000 ரூபாய்க்குப் போனாலும் கேனுக்கு ஏழெட்டு ரூபாய்தான் கூடும். விலைப்பட்டியலில் தெரியும் 100, 150 ரூபாய் வித்தியாசத்தை இது விளக்காது. ஹாப்ஸ் விலை அதிகம் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

அடுத்தது ஆலையின் அளவு. பெரிய ஆலை ஒரே நாளில் லட்சம் லிட்டர் கணக்கில் காய்ச்சும். பப்பின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் தெரியும் செப்பு நிறத் தொட்டி 500 லிட்டரோ 1,000 லிட்டரோதான் பிடிக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் காய்ச்சுபவரின் ஒரு நாள் உழைப்பு, தொட்டி கழுவும் வேலை, லைசென்ஸ் கட்டணம் எதுவும் குறையாது. அத்தனையும் ஆயிரம் லிட்டரின் தலையில் விழும். பெரிய கம்பெனி தன் 650 மில்லி பாட்டிலைத் திரும்பச் சேகரித்துக் கழுவி மறுபடி நிரப்பும். சின்ன ஆலை ஒவ்வொரு தடவையும் புதுக் கேன் வாங்க வேண்டும்.

பெங்களூரு பப்பில் கொடுக்கும் காசில் பீரைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. இந்திராநகரிலோ கோரமங்கலாவிலோ இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் வாடகை அது. அந்த இடம், அந்தப் பாட்டு, அந்தக் கூட்டம் வேண்டும் என்று போகிறவருக்கு அது நியாயமான செலவு. பீருக்காக மட்டும் போகிறவர் அதைத் தனியாகக் கழித்துவிட்டுத்தான் விலையை எடைபோட வேண்டும்.

வரி எப்படி வித்தியாசத்தைப் பெருக்குகிறது

மனிதர் குடிக்கும் மது ஜிஎஸ்டிக்குள் வராது. ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. அதனால்தான் ஒரே கேன் பெங்களூருவில் ஒரு விலை, புதுச்சேரியில் ஒரு விலை, இங்கே ஒரு விலை.

இந்த வரிக் கதையில் சேலத்துக்குத் தனி இடம் உண்டு. 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதலில் அமல்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். அவர் வக்கீல் தொழில் பார்த்ததும், நகராட்சித் தலைவராக இருந்ததும் இந்த ஊரில். மதுவிலக்கு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது, கள், சாராய வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. பிறகு 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, சில ஆண்டுகளில் திரும்ப வந்தது, மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் உருவானது. 2003-இல் சில்லறை விற்பனை முழுக்க அதன் கைக்குப் போனது. மதுவை நிறுத்தியதன் இழப்பை ஈடுகட்ட வந்த விற்பனை வரியும் நிலைத்தது, மதுவின் மேல் வரியும் திரும்ப வந்தது. இரண்டும் சேர்ந்துதான் இன்றைய பாட்டில் விலை.

நம் கேள்விக்கு இதில் முக்கியமான விஷயம், வரியின் பெரும்பகுதி விலைக்கேற்ற சதவீதத்தில் விழுகிறது என்பது. ஆலை வாசலில் லாகருக்கும் ஐபிஏவுக்கும் வித்தியாசம் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியும் இடைநிலை லாபமும் சேர்ந்து விலையை இரண்டரை மடங்காக்கினால், கடையில் அந்த வித்தியாசம் 100 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 100 ரூபாயில் காய்ச்சியவர் கைக்குப் போனது 40. அதிலும் ஹாப்ஸுக்குப் போனது பத்து ரூபாயைச் சுற்றித்தான். விலை இரட்டிப்பாக இருப்பதால் சுவையும் இரட்டிப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்.

இன்னொரு தடை, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு லேபிளையும் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். மாதம் லட்சம் கேன் விற்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சில ஆயிரம் கேன் விற்பவருக்குப் பெரிய சுமை. சின்ன ஆலைகளின் பீர் நம்மூர் டாஸ்மாக்கில் அரிதாக இருப்பதற்கு ரசனையைவிட இந்தக் கட்டணமும் கொள்முதல் முறையும்தான் பெரிய காரணம். சேலத்தில் குடிப்பவருக்கு ஆல்கஹால் அதிகமுள்ள ஸ்ட்ராங் பீர் தவிர எதுவும் பிடிக்காது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறொன்றைக் கண்ணில் காட்டியிருந்தால்தானே தெரியும்?

வெயிலில் மணம் என்ன ஆகிறது

வறுத்து அரைத்த ஏற்காட்டுக் காபித்தூள் அன்றைக்கு இருக்கும் மணத்தோடு ஒரு மாதம் கழித்து இருக்காது. ஹாப்ஸ் எண்ணெயும் அப்படித்தான், அதைவிட வேகமாக. எதிரிகள் மூன்று பேர்.

1. வெப்பம். பீர் தொழிலில் 3-30-300 என்று ஒரு தோராய விதி புழங்குகிறது. 32 டிகிரியில் 3 நாள் இருந்தாலும், 22 டிகிரியில் 30 நாள் இருந்தாலும், 3 டிகிரியில் 300 நாள் இருந்தாலும் பீருக்கு ஏற்படும் முதுமை ஏறத்தாழ ஒன்றே. துல்லியமான கணக்கு அல்ல என்றாலும் போக்கைச் சரியாகக் காட்டுகிறது. சேலத்தில் ஏப்ரல், மே பகல் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். தகரக் கூரைக் கிடங்குக்குள் அதற்கும் மேலே. அங்கே ஒரு வாரம் கிடந்த கேனைக் கடைசியில் ஃப்ரிட்ஜில் வைத்து, கூலிங் இருக்கா என்று கேட்டு வாங்குவதால் போன மணம் திரும்பாது.

2. ஆக்சிஜன். அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட துளிக் காற்று போதும். முதலில் பழ மணம் மங்கும். பிறகு தேன் போன்ற ஒரு தட்டையான இனிப்பு வரும். கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. ஹேஸி வகைக்கு இது மிக வேகமாக நடக்கும். ஊற்றும்போது வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது பழுப்பாகவோ சாம்பலாகவோ இறங்கினால் நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

3. வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெயிலும் டியூப் லைட்டும் பட்டால் உடைந்து ஒரு நாற்றத்தைத் தரும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் இதைத் தடுக்காது. பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், கேன் முழுதாகத் தடுக்கும்.

நம்நாட்டு பீர் கேன்களில் ஆறு மாதக் கெடு அச்சிடுவது வழக்கம். அது பருகத் தகுதியான காலத்தைச் சொல்கிறது. மணத்துக்கு அந்தக் கெடு பொருந்தாது. ஐபிஏ காய்ச்சுபவர்களில் அக்கறையுள்ளவர்கள் குளிரிலேயே வைத்திருந்தாலும் மூன்று மாதத்துக்குள் குடிக்கச் சொல்கிறார்கள். ஐந்தாவது மாதத்தில் வாங்கும் கேனில் கசப்பு பெரும்பாலும் இருக்கும், அதைத் தாங்கிப் பிடித்த மணம் போயிருக்கும். ஐபிஏ என்றால் வெறும் கசப்பு என்று நம்மூரில் பலர் முடிவுக்கு வந்ததற்கு இப்படி ஒரு பழைய கேனில் தொடங்கியது காரணமாக இருக்கலாம். அவர்கள் நாக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏற்காட்டிலேயே ஹாப்ஸ் விளைந்தால் மலிவாகாதா

காபியும் மிளகும் ஆரஞ்சும் விளையும் 1,500 மீட்டர் மலை பக்கத்திலேயே இருக்க, ஹாப்ஸை ஏன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவர வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. குளிர் மட்டும் போதும் என்றால் விளைந்திருக்கும். ஹாப்ஸ் கொடிக்குப் பகலின் நீளம்தான் கணக்கு. வளரும் பருவத்தில் 15, 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்து, பிறகு பகல் குறையத் தொடங்கும்போது அது பூக்கும். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி விளையும் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 16 மணி நேரம். சேர்வராயன் மலையில் ஆண்டின் நீண்ட பகலும் 13 மணியைத் தொடாது. குறுகிய பகலில் கொடி ஆள் உயரம்கூட வளராமல் நாலைந்து பூ பூத்து நின்றுவிடும். குளிர்காலத்தில் அது உறங்குவதற்கு வேண்டிய உறைகுளிரும் ஏற்காட்டில் இல்லை. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைகிறது, அவ்வளவுதான். செயற்கை விளக்கு போட்டு வளர்க்கலாம், அப்போது மின்கட்டணம் இறக்குமதிச் செலவைத் தாண்டும்.

தண்ணீர் கதையும் இங்கே சுவாரசியமானது. பர்ட்டன் நகரத்தின் நிலத்தடி நீரில் ஜிப்சம் கரைந்திருந்ததால் அங்கே காய்ச்சிய பீரில் கசப்பு சுத்தமாக, கூர்மையாக வந்தது. ஆல்சாப் ஜெயித்ததற்கு அது ஒரு காரணம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே வெள்ளையாகத் தெரியும் வெள்ளைக்கல் கரடுகள் மேக்னசைட். கார்பனேட் வகைக் கனிமம். அப்படிப்பட்ட நிலத்துக் கடின நீரில் காய்ச்சினால் கசப்பு நாக்கில் கரகரக்கும், கூர்மை வராது. ஆனால் இன்றைய ஆலைகள் தண்ணீரை ஆர்ஓவில் வடித்துவிட்டு வேண்டிய உப்பை எடைபோட்டுச் சேர்க்கின்றன. இந்த மலைத் தண்ணீர், அந்த ஊற்று நீர் என்று கேனில் எழுதியிருந்தால் அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எப்போது தகும், எப்போது தகாது

1. காய்ச்சிய இடத்தில், தொட்டியிலிருந்து நேராக ஊற்றினால் தகும். சேலத்துக்காரருக்கு அது 200 கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூருவில் கிடைக்கும். பெயர் பார்த்து ஆர்டர் செய்வதைவிட, இருக்கும் பீர்களில் எது கடைசியாகக் காய்ச்சியது என்று கேளுங்கள். பெரும்பாலான பப்களில் சின்னக் கிளாசில் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். மணம் மூக்கில் ஏறவில்லை என்றால் வேறு எடுத்துக்கொள்ளலாம்.

2. கேன் என்றால் அடியில் அச்சிட்ட தேதியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருவது என்றால் வாங்கலாம். மூன்று மாதம் தாண்டியிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்தக் காசில் ஒரு புது லாகர் நல்ல பீராக இருக்கும்.

3. வெளிநாட்டு ஐபிஏ பெரும்பாலும் தகாது. கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல், துறைமுகத்தில், கிடங்கில் என்று கைமாறி வருவதற்குள் மணத்தின் காலம் முடிந்திருக்கும். அதன் மேல் சுங்க வரியும் சேரும். எந்த ஐபிஏ உலகத்தரம் என்பதைவிட எது பக்கத்தில் காய்ச்சியது என்பதே சரியான கேள்வி.

4. ஐஸ் போல வேண்டும் என்று கேட்பவருக்கு ஐபிஏ வீண். 4 டிகிரிக்குக் கீழே நாக்கு மரத்துவிடும், எண்ணெயின் மணமும் எழும்பாது. 7 முதல் 10 டிகிரி வரை சரி. பாட்டிலோடு வாயில் வைத்தால் மூக்குக்கு வேலையே இல்லை, கிளாசில் ஊற்றத்தான் வேண்டும்.

5. கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதும் உண்டு. கசப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தைத் தூக்கிக் காட்டும். காரச் சட்னி தடவிய தட்டுவடை செட்டோடு 60 ஐபியு பீர் குடித்தால் வாய் எரியும், பீரும் தெரியாது, செட்டும் தெரியாது. அங்கே லாகர்தான் பொருத்தம். வறுத்த நிலக்கடலை, நெய்யில் வதக்கிய முந்திரி, காரம் குறைந்த கொழுப்பான கறிக்கு ஐபிஏ நன்றாக ஒத்துப்போகும்.

போதைக்காக வாங்குபவருக்கு ஐபிஏ எந்தக் கணக்கிலும் தகாது. 8 சதவீத ஸ்ட்ராங் 650 மில்லியில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 6.5 சதவீத ஐபிஏ 330 மில்லியில் 17 கிராம். ரூபாய்க்கு எத்தனை கிராம் என்று பார்த்தால் ஐபிஏ எப்போதும் தோற்கும். அது தோற்க வேண்டிய போட்டியும்கூட. இந்த மாவட்டத்தில் குடியால் சரிந்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று தெளிவாகச் சொன்னது. கிராஃப்ட், இயற்கை, கைவினை என்ற சொற்களுக்கு ஈரல் எந்தச் சலுகையும் தருவதில்லை. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க ஒரு காரணமும் இல்லை.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறை சிக்கினாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் மேலே சொன்ன 17 கிராமைக் குடித்தால் ரத்தத்தில் அது 35 மில்லிகிராமை ஒட்டிப் போகும். பெண்களுக்கு இன்னும் அதிகம். அதாவது, ஒரே ஒரு சின்ன ஐபிஏவே வரம்பைத் தாண்டவைக்கும். லாகர் குடித்துப் பழகியவர்கள், ஒன்றுதானே, பீர்தானே என்று தவறாக எடைபோடுவது இங்கேதான். பப்பில் அதையே பெரிய கிளாசில் ஊற்றினால் அளவு இன்னும் கூடும்.

கேனாக வாங்கி ஓசூர் தாண்டிக் கொண்டுவரலாமே என்றால், தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் 1937-ஆம் ஆண்டுச் சட்டம்தான், வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் கொண்டுவருவதில் சட்டச் சிக்கல் உண்டு. கோடையில் கார் டிக்கியில் நாலு மணி நேரம் கிடந்தால் மணமும் பாதி போய்விடும்.

ஆகவே சேலத்திலிருந்து ஐபிஏவுக்கென்றே போகிறவர், கிளாஸ் விலையோடு போக வர ரயில் அல்லது பஸ் கட்டணத்தையும், அங்கே சுற்ற ஆட்டோ செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இரண்டு பேர் போய், ஆளுக்கு ஒன்று புதிதாகக் காய்ச்சியதைக் குடித்துவிட்டு, சாப்பிட்டு, ராத்திரி பஸ்ஸில் திரும்பினால் 2,000 ரூபாயைச் சுற்றி வரும். வேறு வேலையாகப் போகும் நாளில் அதோடு சேர்த்துக்கொண்டால் கிளாஸ் விலை மட்டும்தான்.